சமையற்காரன் ஓட்டிய ரோபோ

"நாதெசிகோவா? எவாஞ்சலியன் பார்த்து அழுதவர்களைச் சிரிக்க வைக்க எடுத்த கேலித் தொடர்தானே அது?" என்று போன வாரம் ஒரு நண்பர் கேட்டார். இரண்டுமே ரோபோக்கள் வரும் ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடர்கள். அப்போது சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. நாதெசிகோவின் 26 அத்தியாயங்களையும் மறுபடி உட்கார்ந்து பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

'மார்ஷியன் சக்ஸஸர் நாதெசிகோ' 1996 அக்டோபரில் டிவி டோக்கியோவில் தொடங்கி 1997 மார்ச்சில் முடிந்தது. இயக்கியவர் தட்சுவோ சாட்டோ. அதே சேனலில் எவாஞ்சலியன் முடிந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அதனால் அந்த ஒப்பீடு வருவதில் தப்பில்லை. ஆனால் கேலி என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை.

கதை இதுதான். வியாழன் பக்கமிருந்து வந்த எதிரி செவ்வாயைப் பிடித்துவிடுகிறது. நெர்கல் என்ற தனியார் நிறுவனம் சொந்தமாக ஒரு போர்க்கப்பல் கட்டி, குணம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, வேலை தெரிந்தால் போதும் என்று ஆள் எடுக்கிறது. கேப்டன் யூரிக்காவுக்கு வயது 20. கப்பலின் கணினியை ஆளும் ரூரிக்கு 11. தகவல் தொடர்பில் இருப்பவள் முன்னாள் குரல் நடிகை. காதலர்கள் கையைப் பிடிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று வேலை ஒப்பந்தத்தில் ஒரு விதி இருப்பது தெரிந்து, செவ்வாயை நெருங்கும் நேரத்தில் எல்லோரும் போராட்டத்தில் இறங்குகிறார்கள்! கப்பலின் பெயரும் நாதெசிகோதான், அழகான பெயர். 'யமாட்டோ நாதெஷிகோ' என்றால் ஜப்பானியப் பெண்மையின் இலக்கணம். நாதெஷிகோ ஒரு பூ. யமாட்டோவை 1974-லேயே இன்னொரு விண்வெளிப் போர்க்கப்பல் தொடர் எடுத்துக்கொண்டது. இவர்கள் பூவை எடுத்துக்கொண்டார்கள்.

நாயகன் அகிட்டோ சமையல்காரன். செவ்வாயில் பிறந்தவன், அங்கே நடந்த அழிவைக் கண்ணால் பார்த்தவன். சண்டை என்றாலே உடம்பு நடுங்கும். அவன் கப்பலின் போர் ரோபோவில் ஏறிய விதத்தைப் பாருங்கள். டைகோஜி என்ற பைலட், 'கெக்கிகாங்கர் 3' என்ற பழைய ரோபோ கார்ட்டூனின் வெறியன். முதல் அத்தியாயத்திலேயே ரோபோவை அந்தக் கார்ட்டூன் போஸில் நிற்க வைக்கப் பார்த்துக் காலை உடைத்துக்கொள்கிறான். ஸ்ட்ரெச்சரில் போகும்போது, "என் பொம்மை உள்ளே இருக்கிறது, எடுத்துக் கொடு" என்று அகிட்டோவிடம் கெஞ்சுகிறான். பொம்மையை எடுக்கப் போனவன்தான் பைலட் ஆகிறான்.

இருவரும் ஒன்றாக உட்கார்ந்து கெக்கிகாங்கர் பார்க்கிறார்கள். ஹீரோ செத்தால் இப்படித்தான் சாக வேண்டும் என்று கண்ணீர் விடுகிறார்கள். மூன்றாவது அத்தியாயத்தில் டைகோஜி சாகிறான். போரில் இல்லை. ஹேங்கரில் தன் ரோபோவில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தவனை, கப்பலிலிருந்து தப்பி ஓடும் ஆட்கள் சுட்டுவிட்டுப் போகிறார்கள். சோக இசை இல்லை, கடைசி வசனம் இல்லை. முதல் தடவை பார்த்தபோது அடுத்த அத்தியாயத்தில் திரும்பி வருவான் என்றே நினைத்தேன். வரவில்லை.

இந்தத் தொடரை நான் மதிப்பது இங்கேதான். வியாழனிலிருந்து வந்தவர்கள் வேற்றுக்கிரக மிருகங்கள் இல்லை, மனிதர்கள் என்பது பாதிக் கதைக்கு மேல் தெரிகிறது. நூறு வருடத்துக்கு முன் நிலவின் விடுதலைக்குப் போராடி, பூமியால் செவ்வாய்க்கும் அங்கிருந்து அப்பாலும் விரட்டப்பட்டவர்களின் வாரிசுகள். அவர்கள் வேதம் போலக் கொண்டாடுவதும் அதே கெக்கிகாங்கர் 3. அவர்கள் ரோபோக்களும் அதே சாயல். ஒரே கார்ட்டூனைப் பார்த்து இரண்டு பக்கமும் அழுதிருக்கிறது. ஆனால் வியாழன் பக்கத்துத் தலைவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது, நியாயம் நம்மிடம், தீமை எதிரியிடம் என்பதை மட்டும். அந்தப் பக்கத்தில் சமாதானம் பேச வந்த சிராட்டோரி, தலைமையின் உத்தரவுப்படி சொந்த நண்பன் கையால் சுடப்பட்டுச் சாகிறான். கேலி செய்ய வந்தவர்கள் இந்த இடம் வரை வரமாட்டார்கள். ரோபோ கார்ட்டூனை மனதார நேசித்தவர்களால்தான் அந்த நேசம் எங்கே விஷமாகிறது என்று காட்ட முடியும். இந்தத் தொடரை எடுத்தவர்களே 14-ஆம் அத்தியாயத்தில் கெக்கிகாங்கர் ஹீரோக்களை டிவி முன் உட்கார வைத்து நாதெசிகோ பார்க்க விடுகிறார்கள். என்ன ஒரு பிரியம்!

இதன் தொடர்ச்சியாக 1998-இல் வந்த திரைப்படம்தான் உசத்தி என்று பலர் சொல்வார்கள். அது ஜப்பானின் அறிவியல் புனைகதை விருதான செய்யுன் விருதும் வாங்கியது. நல்ல படம்தான். ஆனால் அது மனதில் கனப்பது இருண்ட படம் என்பதால் இல்லை. அதில் அகிட்டோ நாக்கின் ருசியை இழந்திருக்கிறான். ஒரு சமையல்காரன். கல்லறைத் தோட்டத்தில் ரூரியைச் சந்தித்து, தன் ராமென் (நூடுல்ஸ் சூப்) செய்முறை எழுதிய தாளை அவளிடம் நீட்டுகிறான். நீ அறிந்த அகிட்டோ வாழ்ந்ததற்கு இதுதான் அடையாளம் என்கிறான். 26 அத்தியாயம் அவன் கப்பலின் சமையலறையில் வாணலியோடு ஓடியாடியதைப் பார்த்துச் சிரித்தவர்களுக்குத்தான் அந்தத் தாளின் எடை தெரியும். நண்பரே, முதல் மூன்று அத்தியாயம் பாருங்கள். ஸ்டிக்கர் ஒட்டும் காட்சி வரைக்கும் மட்டும். அப்புறம் பேசுவோம்.