ஸ்டார் ட்ரெக் ஆன்லைன்: புதுக் கப்பல் வாங்குவதற்கு முன்னால்

ஸ்டார் ட்ரெக் ஆன்லைன் என்ற விண்கப்பல் ஆட்டத்தில் உச்சமான 65-ஆம் லெவலைத் தொட்டவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கப்பல் வாங்கலாம்?" என்பதுதான். என் பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். டேமேஜ் வராததற்கு முக்கால்வாசி நேரம் காரணம் கப்பல் இல்லை, அதில் மாட்டியிருக்கும் சாமான்கள். கன்னாபின்னாவென்று ஆயுதம் மாட்டிய கப்பலை விட்டுவிட்டு 3000 ஜென் (காசு கொடுத்து வாங்கும் ஆட்ட நாணயம்) கொடுத்து வேறொன்றை வாங்கி, அதே சாமான்களை அதில் மாட்டினால் அங்கேயும் அதே கதைதான்.

முதலில் ஆயுதங்களைப் பாருங்கள். ஃபேஸர் இரண்டு, டிஸ்ரப்டர் இரண்டு, ஒரு பிளாஸ்மா என்று பல எனர்ஜி வகைகளைக் கலந்து வைத்திருந்தால் இன்றே கழற்றுங்கள். ஆயுதங்களின் அடியைக் கூட்ட மாட்டும் டாக்டிகல் கன்சோல்களில் ஃபேஸர் ரிலே ஃபேஸருக்கு மட்டும்தான் டேமேஜ் கூட்டும். மற்ற ஆயுதங்களுக்கு அது இருந்தும் இல்லாததும் ஒன்று. ஒரே எனர்ஜி வகையைத் தேர்ந்தெடுத்து எல்லா டாக்டிகல் கன்சோலையும் அதற்கே கொடுங்கள். ஆரம்பத்தில் எந்த வகை என்பது பெரிய விஷயமில்லை, ஒன்றாக இருப்பதுதான் விஷயம்.

அடுத்தது, பீமா கேனனா? இரண்டையும் சேர்த்து வைக்கவே கூடாது. நாம் அழுத்தி இயக்கும் திறன்களில் ஃபயர் அட் வில் பீமுக்கு மட்டும் வேலை செய்யும், ஸ்கேட்டர் வாலி கேனனுக்கு மட்டும். கலந்து வைத்தால் எதை அழுத்தினாலும் பாதி ஆயுதம் சும்மா கிடக்கும். பீம் அரேயின் சுடும் கோணம் 250 டிகிரி. முன்னாலும் பின்னாலும் பீம் அரே இருந்தால் பக்கத்துக்கு 70 டிகிரி அளவில் இரண்டு வரிசையும் ஒரே இலக்கைச் சுடும். ஆகவே மெதுவாகத் திரும்பும் குரூசரில் எதிரிக்கு விலாவைக் காட்டி ஓட்டுங்கள். டூயல் ஹெவி கேனனுக்குக் கிடைப்பது 45 டிகிரிதான். மூக்கு எப்போதும் எதிரியைப் பார்த்தே இருக்க வேண்டும். தூரம் கூடக் கூட கேனனின் அடி பீமைவிட வேகமாகக் குறையும். அதனால் அது எஸ்கார்ட் மாதிரி சட்டென்று திரும்பும் கப்பலுக்கு, அதுவும் ஒட்டி நின்று அடிப்பவருக்கு. கேனன் வைத்தவர்கள் பின்பக்கம் 360 டிகிரி சுடும் டரெட்டுகளை மாட்டினால் அவையும் முன்பக்கம் பார்த்துச் சுடும்.

பலர் கண்டுகொள்ளாத இடம் பவர். ஆயுதம், ஷீல்டு, எஞ்சின், ஆக்ஸிலரி நான்குக்கும் சேர்த்து 200 புள்ளி. ஒன்றுக்கு 15-க்குக் கீழேயோ 100-க்கு மேலேயோ வைக்க முடியாது. அடிக்கும் கப்பல் என்றால் ஆயுதத்துக்கு 100 வைத்துவிட்டு மிச்சத்தைப் பிரியுங்கள். பீம் அரே ஒவ்வொன்றும் சுடும்போது 10 பவர் இழுக்கும், முதலாவது மட்டும் கணக்கில் வராது. எட்டு பீம் ஒரே நேரத்தில் சுட்டால் 70 போய்விடும். பவர் இறங்கினால் அடியும் இறங்கும். ஆயுத பவரை ஏற்றும் எமர்ஜென்சி பவர் டு வெப்பன்ஸ் திறன் இல்லாத பீம் கப்பல் மூச்சுத் திணறுவது இதனால்தான்.

டார்பிடோ பற்றி ஒரே வரி: ஷீல்டு இருக்கும்போது அதன் கைனடிக் (மோதி வரும்) டேமேஜில் 75% வீணாகும், ஷீல்டு விழுந்த பக்கத்தில் மட்டும் அடியுங்கள்.

இதையெல்லாம் சரி செய்த பிறகும் டீமாக ஆடத் தெரியாவிட்டால் பயனில்லை. போர்க் என்ற எதிரிகளோடு மோதும் இன்ஃபெக்டட்: த காண்ட்யூட் என்ற ஆட்டம் இதற்கு நல்ல பாடம். ஐந்து பேர் ஆட்டம். இரு பக்கமும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அதைச் சுற்றி நான்கு ஜெனரேட்டர். ஜெனரேட்டர் உடைந்ததும் நானைட் ஸ்ஃபியர்கள் என்ற போர்க் கப்பல்கள் கிளம்பி வந்து டிரான்ஸ்ஃபார்மரைப் பழுது பார்க்கும். ஒன்றை அவசரப்பட்டு உடைத்தால் மற்ற மூன்றும் முழு உயிரோடு இருக்கும்போதே ஸ்ஃபியர் வந்து நிற்கும். நான்கின் உயிரையும் 10% வரை இறக்கி வைத்து, பிறகு ஒரே மூச்சில் உடைத்து, உடனே டிரான்ஸ்ஃபார்மர் மேல் எல்லாரும் பாய வேண்டும். டேமேஜ் மலையாகக் குவிக்கும் டீமுக்கு இந்த நிதானம் தேவைப்படாது. தெரியாத நான்கு பேரோடு போகும்போது கட்டாயம் தேவை.

இங்கே கெடுப்பது பெரும்பாலும் ஃபயர் அட் வில்தான். அது வீச்சுக்குள் இருக்கும் எல்லாவற்றையும் சுடும், எது 10%-இல் இருக்கிறது என்று பார்க்காது. ஜெனரேட்டர் பக்கத்தில், ஒரே இலக்கை அடிக்கும் பீம் ஓவர்லோடுக்கு மாறுங்கள். சயின்ஸ் கப்பலில் வந்தவர், எதிரிகளை இழுத்துப் பிடிக்கும் கிராவிட்டி வெல்லை வீணாக்காமல், ஸ்ஃபியர்கள் வரும் வழியில் போட்டு அவற்றைக் கட்டிப் போடட்டும். இந்த ஒருவர் சரியாக ஆடினால் மற்ற நால்வரின் வேலை பாதியாகும். இப்படி ஆடுபவர் டேமேஜ் பட்டியலில் கடைசியில் இருந்தாலும் அவரைக் குறை சொல்லாதீர்கள்.

போர்க் கப்பலின் டிராக்டர் பீம் (இழுத்துப் பிடிக்கும் கதிர்) பிடித்தால் போலரைஸ் ஹல் அல்லது அட்டாக் பேட்டர்ன் ஒமேகா திறனைப் போட்டு விடுபடுங்கள். பிளாஸ்மா தீப்பிடித்தால் அதை அணைக்க ஹஸார்டு எமிட்டர்ஸ். எமிட்டர்ஸ் இல்லாமல் போர்க் ஆட்டத்துக்கு வரவே வராதீர்கள்.

இனி கணக்கு. டைலித்தியம் என்பது ஆடிச் சம்பாதிக்கும் நாணயம்; சுத்திகரித்தால்தான் செலவழிக்கலாம். ஒரு கேரக்டர் ஒரு நாளில் சுத்திகரிக்க முடிந்தது 8000. அதை ஜென்னாக மாற்றும் எக்ஸ்சேஞ்சில் ஒரு ஜென்னின் உச்ச விலை 500 டைலித்தியம். அந்த விலையில் 3000 ஜென் கப்பலுக்கு 15 லட்சம் டைலித்தியம், அதாவது ஒரே கேரக்டரில் 187 நாளுக்கு மேல். அதே டைலித்தியத்தில் ஒரு பங்கை ஆயுதங்களை உச்ச தரமான மார்க் 15-க்கு ஏற்றவும், ஃப்ளீட்டின் (ஆட்டக்காரர் குழுவின்) ஸ்பையர் தளத்தில் கிடைக்கும் வல்னரபிலிட்டி லொகேட்டர் என்ற டாக்டிகல் கன்சோல்களுக்கும் செலவழித்தால், இப்போது ஓட்டும் கப்பலே வேறு கப்பல் மாதிரி அடிக்கும். கப்பல் மாறினால் இவற்றைக் கழற்றி அங்கே மாட்டிக்கொள்ளலாம், எதுவும் வீணாகாது. கப்பல் ஆசை தீரவில்லை என்றால் ஈவென்ட்டுகளில் இலவசமாகத் தரும் கப்பல்களுக்காகத் தினமும் தவறாமல் உள்ளே போய் வாருங்கள்.

சாட்டில் காம்பேட்லாக் கட்டளையைப் போட்டு ஓர் ஆட்டத்தைப் பதிவு செய்து, அந்தப் பதிவை அலசிக் காட்டும் பார்ஸர் மென்பொருளில் திறந்து பாருங்கள். எந்த ஆயுதம் எவ்வளவு அடித்தது என்று தனித்தனியாகக் காட்டும். அதைப் பார்த்த பிறகும் குறை கப்பலில்தான் என்று தெரிந்தால், தாராளமாக வாங்குங்கள்.