பொதுமொழி என்றால் அது எல்லோருக்கும் பாடமாக இருக்க வேண்டும்

போன வாரம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் அவள் மகள் பேச்சுப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். தலைப்பு: உலகம் முழுமைக்கும் ஒரே பொதுமொழி. "மாமா, நீங்க எத்தனையோ நாட்டுக்காரங்களோட கப்பல்ல இருந்திருக்கீங்க. ஒரே மொழி இருந்தா நல்லதா கெட்டதா?" என்று கேட்டாள். அவளுக்கு அவசரமாக ஏதோ சொல்லிவிட்டு வந்தேன். மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

22 வருடம் சரக்குக் கப்பல்களில் இன்ஜின் பிரிவில் வேலை பார்த்தவன் நான். ஒரு கப்பலில் இருபது, இருபத்தைந்து பேர் இருப்போம். கேப்டன் உக்ரைன்காரர், சீஃப் ஆபீசர் போலந்து, சமையல்காரர் கோவா. கீழே இன்ஜின் ரூமில் தூத்துக்குடிக்காரனான நானும் ஒரு மலையாளியும் நாலைந்து பிலிப்பினோக்களும். ஒரு பொதுமொழி இல்லாமல் அந்தக் கப்பல் துறைமுகத்தை விட்டே கிளம்ப முடியாது. ஆகவே பொதுமொழி தேவையா என்ற கேள்வியில் எனக்குச் சந்தேகமே கிடையாது. தேவைதான்.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கப்பல்காரர்கள் எல்லோரும் அறிந்த பெயர் ஒன்று உண்டு: ஸ்காண்டிநேவியன் ஸ்டார். 1990 ஏப்ரல் 7 அதிகாலையில், நார்வேயின் ஓஸ்லோவிலிருந்து டென்மார்க்குக்குப் போய்க்கொண்டிருந்த அந்தப் பயணிகள் கப்பல் தீப்பிடித்தது. 159 பேர் இறந்தார்கள். தீ வைக்கப்பட்டதா, யார் வைத்தார்கள் என்ற சர்ச்சை தனி. ஊழியர்களில் பலர் போர்ச்சுகீசியர்கள். பயணிகளின் மொழி அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் மொழி பயணிகளுக்குத் தெரியாது. புகை மண்டிய நடைபாதையில் "இந்தப் பக்கம் வாருங்கள்" என்று சொல்லிப் புரியவைக்க ஒரு மொழி இல்லை.

2001இல் சர்வதேச கடல்சார் அமைப்பு, கப்பலில் பேசுவதற்கென்றே ஒரு சொற்றொடர்த் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. ஸ்டாண்டர்டு மரைன் கம்யூனிகேஷன் ஃப்ரேசஸ், சுருக்கமாக எஸ்.எம்.சி.பி. என்போம். ஆங்கிலம்தான், ஆனால் பட்டை தீட்டிச் சிறிதாக்கிய ஆங்கிலம். பதினைந்தை ‘ஃபிஃப்டீன்’ என்று சொல்லக் கூடாது, ஐம்பதோடு குழம்பிவிடும். ‘ஒன் ஃபைவ்’ என்று எண் எண்ணாகச் சொல்ல வேண்டும். ‘மே’ (may), ‘மைட்’ (might), ‘குட்’ (could) மாதிரி இரண்டு பொருள் தருகிற சொற்களைத் தவிர்க்க வேண்டும். சொல்லப்போவது கட்டளையா, கேள்வியா, எச்சரிக்கையா என்று குழப்பம் வரும் இடத்தில், முதலிலேயே ‘இன்ஸ்ட்ரக்‌ஷன்’, ‘கொஸ்டின்’, ‘வார்னிங்’ என்று அறிவித்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொல்ல வேண்டும். சுக்கான் பிடிப்பவர் காதில் விழுந்த கட்டளையை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. லண்டனில் பிறந்த ஆங்கிலேயரும் இதைப் படித்துத்தான் ஆக வேண்டும். வீட்டில் பேசும் ஆங்கிலம் அவருக்கு பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் மேல்தள அறையில், உதவாது. தூத்துக்குடிக்காரனுக்கும் மணிலாக்காரருக்கும் லண்டன்காரருக்கும் அது பாடம். என்னைப் பொறுத்தவரை நியாயமான பொதுமொழி என்பது இதுதான்.

ஆனால் இதெல்லாம் பிரிட்ஜோடு சரி. கப்பலின் மற்ற இடங்களில் சாதாரண ஆங்கிலம்தான், அங்கே கதை வேறு.

நான் ஃபோர்த் இன்ஜினியராக இருந்த ஒரு கப்பலில் பிலிப்பினோ ஃபிட்டர் ஒருவர் இருந்தார். ஊர் இலோயிலோ. என்னைவிட மூத்தவர் என்பதால் ‘மனோங்’ என்று கூப்பிடுவேன், அவர்கள் ஊரில் அண்ணன் என்று பொருள். ஒருநாள் ஸ்க்ரூடிரைவரின் முனையை, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போசார்ஜரின் பேரிங் உறைமேல் வைத்து, கைப்பிடியில் காதை ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் மாறிவிட்டது. சீஃப் இன்ஜினியரிடம் போய், "டர்போ நோ குட், சார். சவுண்ட் நோ குட்" என்றார். சீஃபுக்கு ஆங்கிலம் தாய்மொழி. என்ன சத்தம், எப்போதிலிருந்து, எந்த வேகத்தில் என்று அடுக்கடுக்காகக் கேட்டார். மனோங்கிடம் பதில் இருந்தது, வாக்கியம் இல்லை. "அளவுகள் எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன" என்று சீஃப் அழகாக விளக்கிப் பேச்சை முடித்துவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். மனோங் சொல்வது சரி என்று எனக்குத் தோன்றியது. அந்த ஆங்கிலத்துக்கு எதிரே வாய் திறக்கத் தைரியம் வரவில்லை.

அன்று இரவு மெஸ்ஸில் மனோங் தன் ஊர்க்காரர் ஒருவரிடம் இலோங்கோ மொழியில் அதே சத்தத்தை அரை மணி நேரம் விவரித்தார். கையால், வாயால், மேசையைத் தட்டி. ஒரு வார்த்தை புரியாத எனக்கே அந்த பேரிங் எப்படித் தேய்கிறது என்று புரிந்தது.

மூன்றாம் நாள் பேரிங் போயிற்று. 11 மணி நேரம் இலங்கைக்குத் தெற்கே கடலில் மிதந்துகொண்டு நின்றோம். கம்பெனிக்குப் போன அறிக்கையில், முன்னறிகுறி எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது.

ஒரு மொழி ஒருவருக்குப் பிறப்புரிமையாகவும் இன்னொருவருக்குப் பரீட்சையாகவும் இருந்தால் இப்படித்தான் நடக்கும். இதை நூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன்பே யோசித்தவர் சாமன்ஹோஃப். 1859இல், அன்று ரஷ்யப் பேரரசில் இருந்த பியாவிஸ்டோக்கில் பிறந்தவர், இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. யூதர்கள், போலந்துக்காரர்கள், ரஷ்யர்கள், ஜெர்மானியர்கள் என்று தெருவுக்கு ஒரு மொழி, தெருவுக்கு ஒரு பகை. கண் மருத்துவரான அவர், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழியைத் தானே உருவாக்கி 1887இல் வார்சாவில் வெளியிட்டார். அதுதான் எஸ்பெராண்டோ. மொழிக்குத் தான் உரிமை கொண்டாடவில்லை என்றும் அறிவித்துவிட்டார்.

நான் அதைக் கொஞ்சம் படித்துப் பார்த்திருக்கிறேன். தமிழனுக்கு இலக்கணம் அந்நியமாகவே இல்லை. ‘சானா’ என்றால் ஆரோக்கியமான. முன்னால் ‘மல்’ சேர்த்தால் நோயுற்ற. ‘மல்சானூலோ’ நோயாளி, ‘மல்சானூலேயோ’ மருத்துவமனை. நம் மொழியைப் போலவே ஒட்டிக்கொண்டே போகிறது. நாயைப் பார்த்தேன் என்பதில் வரும் ‘ஐ’ உருபுக்கு அங்கே ‘ன்’. மேல்நாட்டுக்காரர்கள் பலர் அந்த ‘ன்’ கஷ்டம் என்று புலம்புகிறார்கள், நமக்கு அது வீட்டுச் சாமான். ஆனால் வேர்ச்சொற்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து எடுத்தவை. இத்தாலியர் பாதிச் சொற்களை ஊகித்துவிடுவார். நாம் முதலிலிருந்து மனப்பாடம் செய்ய வேண்டும். அந்த அளவுக்கு அதுவும் முழு நியாயமான மொழி இல்லை.

அது பரவாமல் போனதற்குக் காரணம் இலக்கணமோ சொற்களோ அல்ல. 1920களில், ஐ.நா.வுக்கு முன்னோடியான உலக நாடுகள் சங்கத்தில் எஸ்பெராண்டோவைப் பள்ளிகளில் கற்றுக்கொடுக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது முட்டுக்கட்டை போட்டது பிரான்ஸ். ராஜதந்திரத்தின் மொழி அன்று பிரெஞ்சு; இருக்கிற இடத்தை யார் விட்டுக்கொடுப்பார்? 1922இல் தன் பள்ளிகளில் எஸ்பெராண்டோ கற்பிக்கவே தடை போட்டது. அப்புறம் நாஜிகள் வந்தார்கள். சாமன்ஹோஃபின் மூன்று பிள்ளைகளையும் கொன்றார்கள். மகன் ஆடம் 1940இல் சுடப்பட்டார், மகள்கள் சோஃபியாவும் லிடியாவும் 1942இல் ட்ரெப்ளிங்கா கொலை முகாமில் இறந்தார்கள்.

விட்டுக்கொடுத்தவர்களும் உண்டு. சுரபாயா துறைமுகத்துக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். அது ஜாவா மொழி பேசும் ஊர். இந்தோனேசிய மக்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் ஜாவானியர்கள். எண்ணிக்கைதான் நியாயம் என்றால் அவர்கள் மொழியே ஆட்சிமொழியாகியிருக்க வேண்டும். ஆனால் 1928 அக்டோபர் 28 அன்று பல தீவுகளிலிருந்தும் பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) கூடிய இளைஞர்கள் உறுதிமொழியில் ஏற்றது மலாய் மொழியை. சிறு தொகையினருக்கே அது தாய்மொழி, ஆனால் துறைமுகங்களிலும் சந்தைகளிலும் எல்லோருக்கும் அது கொஞ்சம் தெரியும். ஜாவா மொழியில் ‘சாப்பிடு’ என்பதற்கே ஆளின் தகுதிக்கேற்ப மங்கான், நெதா, தஹார் என்று வேறு வேறு சொற்கள். மலாயில் அந்தத் தொல்லை குறைவு. ‘பாஷா இந்தோனேசியா’ என்று பெயர் சூட்டிய அந்த மொழியை ஜாவானியரும் உட்கார்ந்து கற்றார்கள். அதில் கப்பலுக்குக் ‘கபால்’, கடைக்குக் ‘கெடாய்’. இரண்டும் நம்மிடமிருந்து போனவை. அந்த ஊர்த் துறைமுகத்தில் முதல்முறை ‘கபால்’ என்ற சொல்லைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சிறுபான்மையின் மொழியாக இருந்தால் போதும், தானாக நியாயம் வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. பாகிஸ்தானில் உருதும் சிலருக்கே தாய்மொழி. 1948 மார்ச்சில் ஜின்னா, அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த இன்றைய வங்கதேசத்தின் டாக்காவுக்கே போய், அரசுமொழி உருது மட்டும்தான் என்று அறிவித்தார். நாட்டில் பாதிக்கு மேற்பட்டோர் வங்காளிகள், அவர்களை யாரும் கேட்கவில்லை. 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் மாணவர்கள்மீது துப்பாக்கிச் சூடு. உலகத் தாய்மொழி நாள் என்று நாம் வாழ்த்து அனுப்பிக்கொள்வது அந்த நாளில்தான். 1956இல் இலங்கையில் வந்த தனிச் சிங்களச் சட்டமும், 1965இல் நம் மண்ணில் நடந்ததும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேட்காமல் திணித்த எந்த மொழியும் பொதுமொழி ஆகாது.

ஆங்கிலம்தான் இருக்கிறதே, இனி எதற்கு வேறொரு மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பார்கள். சரி, ஆங்கிலமே இருக்கட்டும். அப்படியானால் கடலில் செய்ததை மற்ற இடங்களிலும் செய்யுங்கள். வானத்தில்கூட முழுமையாகச் செய்யவில்லை. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் ஆங்கிலத் தேர்வில் ஆறு நிலைகள். நான்காம் நிலையில் இருக்கும் விமானி மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுதேர்வுக்குப் போக வேண்டும். ஆறாம் நிலைக்காரருக்கு மறுதேர்வே தேவையில்லை என்கிறது விதி. அந்த ஆறாம் நிலைக்காரர் வேகமாக, வட்டார வழக்கில், சொற்களை விழுங்கிப் பேசினால் கேட்பவர்தான் திண்டாட வேண்டும். என் கோரிக்கை, அவருக்கும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை தேர்வு வையுங்கள். எதிரே ஒரு இலோயிலோக்காரரை உட்கார வைத்து, அவருக்குப் புரியும்படி பேசுகிறாரா, அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுத் திருப்பிச் சொல்கிறாரா என்று பாருங்கள். மதிப்பெண்ணை அந்த இலோயிலோக்காரரே போடட்டும்.