படம் பதினேழு, தேதி ஒண்ணுகூட இல்ல

எம்.எல்.ஏ. பக்கத்தில் 'தொகுதிச் செய்தி' என்று வருவதை ஒரு வாரம் விடாமல் படித்துப் பாருங்கள். திங்கள் காதணி விழா. செவ்வாய் படத்திறப்பு. புதன் மாற்றுக் கட்சியினர் இணைந்தார்கள். வியாழன் புது டிரான்ஸ்பார்மருக்கு மாலை. ஒவ்வொன்றுக்கும் பதினேழு படம், நாலு வரி எழுத்து. அந்த நாலில் மூணேமுக்கால் வரி பட்டப்பெயர், மிச்சக் கால் வரி 'சிறப்பாக நடைபெற்றது'. கல்யாண வீட்டுக்கே இதைவிட விவரமாகப் பத்திரிகை அடிக்கிறார்கள், முகூர்த்த நேரமாவது இருக்கும்.

காவிரி டெல்டாவில் சித்திரை, வைகாசியில் வரும் தூர்வாரும் படத்தை எடுத்துக்கொள்வோம். ஜேசிபிக்குச் சந்தனம் குங்குமம், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், பக்கெட்டில் சாமந்தி மாலை. கரையில் வரிசையாக வெள்ளை வேட்டி. 'தூர்வாரும் பணியைத் தொடங்கி வைத்தபோது.' எந்த வாய்க்கால்யா அது? எங்கே தொடங்கி எதுவரைக்கும்? எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ரூபாய், யாருக்கு ஒப்பந்தம், எந்தத் தேதிக்குள்? மதிப்பீடும் நீளமும் எழுதிய பலகை பக்கத்திலேயே நின்றாலும் கேமரா மட்டும் அந்தப் பக்கம் திரும்பாது.

சின்ன விஷயம் என்று விடமுடியாது. தூர்வாரலில் கோல்மால் நடப்பதே தேதியில்தான். வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போது வெட்டுவதற்கு முன்னால் ஒரு மட்டம், வெட்டிய பின் ஒரு மட்டம் எடுத்தால் எத்தனை கன மீட்டர் மண் வந்தது என்று யாரும் கணக்குப் பார்க்கலாம். மேட்டூர் திறப்பு வழக்கப்படி ஜூன் 12. மூணு நாளில் தண்ணீர் கல்லணை வந்துவிடும். வாய்க்காலில் ஓட ஆரம்பித்த பிறகு அடிமட்டத்தை எவன் அளப்பான்? அதனால்தான் மார்ச்சில் ஆரம்பிக்க வேண்டிய வேலை மே கடைசியில் பூஜை போடுகிறது. ஓரத்து நாணலையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் சிரைத்துவிட்டு, அடியில் படிந்த வண்டலைத் தொடாமலே முடிந்தது என்று எழுதிவிடலாம். சிரைத்ததையும் கரையின் உள்சரிவிலேயே குவித்து வைப்பார்கள். முதல் மழைக்கு அவ்வளவும் திரும்ப வாய்க்காலுக்குள்.

வடிகால் இன்னும் மோசம். மேல்கோடியில் ஆரம்பித்து வெட்டிக்கொண்டே வந்து, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக்கு முன்னால் நிதி தீர்ந்தது என்று நிறுத்திவிட்டால் ஐப்பசி கார்த்திகையில் என்ன ஆகும்? மேலே இருக்கும் ஊர்களின் தண்ணீர் மொத்தமும் வேகமாக இறங்கி வந்து, வெட்டாத இடத்தில் முட்டி, கடைமடைச் சம்பாவில் ஏறி உட்காரும். வடிகாலைக் கடலோரத்திலிருந்து மேல்நோக்கித்தான் வெட்டிக்கொண்டு வரவேண்டும். அதற்குமேல் ஆற்றுப் பக்கத்துப் பெரிய ஏ, பி வாய்க்கால் ஒரு துறை, வயலுக்குப் போகும் சின்ன சி, டி வாய்க்கால் இன்னொரு துறை. ஏ வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர் ஓடும், சி வாய்க்கால் மேடு தட்டிக் கிடப்பதால் வயலுக்கு ஏறாது. இந்த இரண்டு துறையையும் ஒரே தேதியில் வேலை செய்யவைக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் எம்.எல்.ஏ. இல்லாமல் வேறு யார்? 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து, தனி அலுவலர்கள் கைக்குப் போனபோது கேட்பதற்கு இருந்த பக்கத்து வீட்டு ஆளும் போய்விட்டார்.

அணை திறந்த அன்றைக்கு நன்றிப் பதாகை வரும், வாழ்த்து வரும், பூத் தூவும் வீடியோ வரும். கல்லணையில் காவிரிக்கு எத்தனை கன அடி, வெண்ணாற்றுக்கு எத்தனை, கல்லணைக் கால்வாய்க்கு எத்தனை, கொள்ளிடத்தில் எவ்வளவு என்பது மட்டும் வராது. நாற்று விடுகிறவனுக்கு வேண்டியது அந்த நாலு எண்தான். மேட்டூரில் 120 அடி, 93.47 டி.எம்.சி. என்பதை வைத்துக்கொண்டு டெல்டாவின் கோட்டூரிலோ தலைஞாயிறிலோ என்ன செய்வது? கர்நாடகம் வருஷத்துக்குத் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்ன 177.25 டி.எம்.சி.யில் ஜூலைப் பங்கு 31.24. ஏறக்குறைய நாளுக்கு ஒரு டி.எம்.சி., அதாவது கர்நாடகத் தண்ணீரை அளக்கும் எல்லைப் பகுதியான பிலிகுண்டுலுவில் விநாடிக்குச் சுமார் 11,600 கன அடி. வரவேண்டியது இவ்வளவு, வந்தது இவ்வளவு, நம் ஆற்றில் விட்டது இவ்வளவு, முறை வைத்தால் நம் முறை இன்ன தேதி. இதை எழுத ரெண்டு நிமிஷம் ஆகுமா? எழுதினால் ஜனங்கள் கணக்குக் கேட்பார்கள். பதாகைக்கு யார் கணக்குக் கேட்கப் போகிறார்கள்?

அரசு நெல் கொள்முதல் நிலையத் திறப்பு விழாவில் மூட்டையில் மஞ்சள் தடவி, தராசைத் தொட்டுக் கும்பிட்டு ஒரு படம். திறந்தது சரி. ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை எடுப்பார்கள்? அறுவடை எந்திரம் ஒரு ஏக்கரை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அறுத்துத் தள்ளுகிறது. ஏக்கருக்கு 2,400 கிலோ என்று வைத்தால் 40 கிலோ மூட்டையில் அறுபது. எந்திரம் பகல் முழுக்க ஓடி பத்து ஏக்கர் அறுத்தால் 600 மூட்டை. ஊருக்குள் இரண்டு எந்திரம் இறங்கிவிட்டால் அன்றைக்கு 1,200. நிலையத்தில் சாக்கு இருக்கா, சணல் இருக்கா, பிடித்த மூட்டையை ஏற்ற லாரி வருதா என்பதுதான் கேள்வி. லாரி மூணு நாள் வரவில்லை என்றால் அடுக்க இடமில்லாமல் கொள்முதல் தானாக நின்றுவிடும். வெளியே நெல் குவியல், மேலே கிழிந்த தார்ப்பாய், மழை. ஈரப்பதம் வரம்புக்குள் 17 சதவீதத்தில் இருந்த நெல் ரெண்டு மழைக்கு 21. 'ஈரப்பதம் அதிகம், காயவைத்துக் கொண்டு வா.' எங்கே காயவைக்க? ரோட்டில்தான். அதற்கும் வழக்குப் போடுவேன் என்பார்கள்.

ஈரப்பதத் தளர்வுக்கு மாநிலம் கடிதம் எழுத வேண்டும், மத்தியக் குழு வரவேண்டும், மாதிரி எடுத்து ஆய்வகம் போகவேண்டும், பிறகு உத்தரவு. 2022 குறுவைக்குக் கேட்டது 22 சதவீதம், கிடைத்தது 19. இந்தப் படிகளில் எது முடிந்தது, எது பாக்கி என்று அன்றாடம் சொன்னால் விவசாயி அறுவடையை ரெண்டு நாள் தள்ளலாமா என்று முடிவெடுப்பான். வருவதோ, மத்தியக் குழுவோடு நெல்லைக் கையில் அள்ளி முகர்ந்து பார்க்கிற படம். விலையைக்கூடச் சரியாகப் போடுவதில்லை. 2025–26க்குச் சாதாரண ரகம் மாநில ஊக்கத்தொகையோடு குவிண்டால் 2,500, சன்னம் 2,545. இதை நிலையத்து வாசலில் பெரிதாக எழுதிவை என்று சொல்லலாமே. எடை போடும் இடத்தில் கைமாறும் காசைப் பற்றி ஒரு எம்.எல்.ஏ. ஒரே ஒரு பதிவு போடட்டும், ஊர் ஊராக நானே பரப்புகிறேன்.

பயிர்க் காப்பீட்டைப் பற்றி எம்.எல்.ஏ. பக்கத்தில் செய்தி வருவது கடைசித் தேதிக்கு முந்தின ராத்திரி. சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். கேட்கும் காகிதம் சிட்டா, இன்ன பயிர் போட்டிருக்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல், ஆதார், பாஸ்புக். அடங்கலுக்கு நாலு நாள் நடக்கவேண்டும் என்பது ஊருக்கே தெரியும், எம்.எல்.ஏ.வுக்கு மட்டும் தெரியாது. கோயில் நிலம், மடத்து நிலம் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவனுக்குப் பட்டா ஏது? அவன் என்ன காகிதம் கொண்டுபோவது என்று யாராவது ஒரு வரி எழுதியிருக்கிறார்களா? இழப்பீடு கிராமத்துச் சராசரி மகசூலை வைத்துத்தான். அந்தச் சராசரி வருவது, சில வயலில் மட்டும் அறுத்து எடை பார்க்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையில். எந்த சர்வே எண்ணில், எந்தத் தேதியில் அறுக்கிறார்கள் என்று முன்கூட்டிச் சொன்னால் நாலு பேர் போய் நிற்பார்கள். நட்டமானவன் வயலை விட்டுவிட்டு மேட்டு வயலில் அறுத்துவிட்டுப் போனால் ஊருக்கே பூஜ்யம்.

சட்டமன்ற வீடியோவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 'அண்ணனின் கர்ஜனை', பின்னணியில் மேளம், ஒரு நிமிஷம் பன்னிரண்டு விநாடி. கேள்வி முடிந்ததும் வீடியோ முடிந்துவிடும். அமைச்சர் பதிலை வெட்டிவிடுவார்கள். ஏனய்யா, விஷயமே அங்கேதானே இருக்கிறது? 'நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்' என்றால் இந்த வருஷம் இல்லை என்று அர்த்தம். அதைத் தெரிந்துகொண்டால் ஊர்க்காரர்கள் வேறு வழி பார்ப்பார்கள்.

தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு மூணு கோடி. வேலைப் பட்டியல், தொகை, ஊர் என்று ஒரு பக்கத்தில் போட முடியாதா? கண்ணில் படுவது நிழற்குடைதான். ஊர்ப் பெயரைவிட எம்.எல்.ஏ. பெயர் மூணு மடங்கு பெரிசு, பஸ் நேரம் எழுத இடமில்லை. 2022 ஆகஸ்ட்டில் 234 எம்.எல்.ஏ.க்களிடமும் தொகுதிக்குப் பத்து முக்கியக் கோரிக்கை எழுதிக் கொடுக்கச் சொன்னார் அன்றைய முதலமைச்சர் ஸ்டாலின். உங்கள் தொகுதியில் அந்தப் பத்து எவை, எத்தனை முடிந்தது? பக்கத்து டீக்கடையில் கேட்டுப் பாருங்கள்.

எழுதத் தெரியவில்லை என்றால் இப்படி எழுதட்டும்: 'இன்ன வடிகால், கடைமடையிலிருந்து நாலு கிலோமீட்டர், மே 20க்குள் முடியும். இதுவரை ஒன்றரை கிலோமீட்டர் முடிந்தது. மூணாவது மதகின் ஷட்டர் இன்னும் ஏறவில்லை, கம்பி துருப்பிடித்திருக்கிறது, மாற்றச் சொல்லியிருக்கிறேன். கேட்கவேண்டிய பொறியாளர் இன்னார், உட்காரும் அலுவலகம் இன்ன இடம்.' அவ்வளவுதான். படம் கட்டாயம் வேண்டும் என்றால் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஷட்டர் பக்கத்தில் நில்லுங்கள், அது ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று தெரிகிற மாதிரி கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.