பஃபலோ விங்ஸில் எருமை இறைச்சி இல்லை

"பஃபலோ விங்ஸ் என்ற காரமான வறுவலில் எருமை இறைச்சி கலக்கப்படுகிறது, பெயரே அதற்குச் சாட்சி" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் பகிரப்படுகிறது. இது தவறு. இது கோழி இறக்கை வறுவல். ஆங்கிலத்தில் பஃபலோ என்றால் எருமைதான் என்றாலும், இங்கே பஃபலோ என்பது அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் உள்ள ஒரு நகரம். மைசூர்பாகில் மைசூர் எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

அந்நகரின் ஆங்கர் பார் உணவகத்தில் 1964இல் தெரசா பெல்லிசிமோ இதை முதலில் செய்தார் என்பதே பரவலான வரலாறு. ஆனால் எதற்காகச் செய்தார் என்பதில் அவர் குடும்பத்தினரே ஒத்துப்போகவில்லை: கழுத்துத் துண்டுகளுக்குப் பதிலாக இறக்கைகள் தவறுதலாக வந்து சேர்ந்தன என்றார் கணவர் ஃபிராங்க், வெள்ளிக்கிழமை நள்ளிரவில் உணவகத்தில் இருந்த வாடிக்கையாளர்களுக்காகச் சமைத்தார் என்றார் மகன் டொமினிக். அதே நகரில் கறுப்பினத்தவரான ஜான் யங், மாவில் தோய்த்துப் பொரித்த முழு இறக்கைகளை மாம்போ என்ற தக்காளி சார்ந்த சாஸுடன் 1960களில் விற்றுவந்தார் என்பதையும், அவருக்குரிய இடம் நெடுங்காலம் மறுக்கப்பட்டது என்பதையும் இங்கே சேர்த்தே சொல்ல வேண்டும்.

செய்முறையிலும் மறைக்க ஒன்றுமில்லை. கோழி இறக்கையின் நுனியை நீக்கி, மூட்டில் இரண்டாக வெட்டி, மாவு எதுவும் பூசாமல் எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்து, உருக்கிய வெண்ணெயோ மார்ஜரினோ கலந்த கெயென் மிளகாய் சாஸில் புரட்டி எடுக்கிறார்கள். மிளகாயின் காரப்பொருள் கொழுப்பில் கரையக்கூடியது என்பதால் வெண்ணெய் அதன் கடுமையைத் தணிக்கிறது. தொட்டுக்கொள்ளப் புளூ சீஸ் (நீலப் பூஞ்சணம் படர்ந்த பாலாடைக்கட்டி) கலவையும், கடித்துக்கொள்ளச் செலரித் தண்டும் வைப்பது வழக்கம்.