ரத்தக் கறைக்கு வெந்நீர் ஊற்றலாமா?

"கொதிக்கிற வெந்நீரில் ஊறவைத்தால் ரத்தக் கறை மாயமாகிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு குறிப்பு சுற்றுகிறது. தவறு. நடப்பது நேர் எதிர். ரத்தத்தில் புரதம் நிறைய. சூடு பட்டதும் அது முட்டை வெள்ளைக்கரு போல இறுகி, நூலிழையைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் சோப்புக்கு லேசில் அசையாது.

பச்சைத் தண்ணீர்தான் சரி. படுக்கை விரிப்பு என்றால் கறையின் பின்பக்கத்தில் குழாயைத் திறந்துவிட்டு, பிறகு சோப்பு போடுங்கள். காய்ந்த கறையா? உப்புக் கலந்த குளிர்ந்த நீரில் சில மணி நேரம் ஊறட்டும். கார்ப்பெட்டைத் தேய்த்தால் கறை பரவும். ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுங்கள். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற வெளுக்கும் திரவம் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் துணியின் சாயத்தையும் வெளுத்துவிடக்கூடும். வெள்ளைப் பருத்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பட்டு, கம்பளிக்கு வேண்டாம். கறை போகும்வரை இஸ்திரியும் கூடாது, அதுவும் சூடுதானே.