கடவுச்சீட்டுக்குள் 20 டொலர் வைக்கச் சொல்லும் குரல்பதிவு பொய்

"தாய்லாந்திலிருந்து கம்போடியாவுக்கு பொய்பெட் எல்லை வழியாகப் போனால் கடவுச்சீட்டுக்குள் 20 டொலர் வையுங்கள், அது முத்திரைக் கட்டணம், குற்றமில்லை" என்று ஒரு குரல்பதிவு வெள்ளவத்தை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு. சுற்றுலா விசாவுக்கு 30 டொலர்தான் கட்டணம். முத்திரைக்கென்று தனிக் கட்டணம் கிடையாது.

அங்கே சிலர் மேலதிகமாகக் கேட்பது உண்மைதான். கேட்டால் கோபப்படாமல் பற்றுச்சீட்டு கேளுங்கள், வரிசையிலேயே பொறுமையாக நில்லுங்கள். பெரும்பாலும் அவசரப்படுகிறவரிடம்தான் பணம் கறப்பார்கள்.

கேட்காமலே நீட்டுவதுதான் பேராபத்து. கம்போடியாவின் 2010 ஊழல் எதிர்ப்புச் சட்டப்படி இலஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. இங்கே இலங்கையிலும் அப்படித்தான், 2023இன் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தைப் பாருங்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் யாராவது இலஞ்சம் கேட்டால், இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அழையுங்கள்.