சகுராய் இல்லாத பக்-டிக் வேண்டுமா? எனக்கு வேண்டும்

பாடகர் சகுராய் அட்சுஷி இறந்ததோடு பக்-டிக் ராக் குழு கடையை மூடியிருக்க வேண்டும் என்று சொல்கிற ரசிகர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் குரலில் ஊறியவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஜப்பானின் குன்மா மாகாணத்தில் ஃபுஜியோக்கா என்ற ஊரில் 1983இல் சில பையன்கள் சேர்ந்து தொடங்கிய ராக் குழு இது. தொடங்கி வைத்த இமாய் ஹிசாஷிக்கு அப்போது கிட்டாரே வாசிக்கத் தெரியாது. முதலில் குழு, அப்புறம்தான் வாத்தியம்! சகுராய் அந்த நாளில் பாடகரும் இல்லை, டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். இருந்த பாடகர் வெளியேறி இவர் மைக்கைப் பிடித்ததும் டிரம்ஸுக்கு ஆள் தேவைப்பட்டது, பேஸ் வாசித்த ஹிகுச்சி யுடகாவின் அண்ணன் யாகமி டோல் வந்து சேர்ந்தார். இன்னொரு கிட்டார் ஹோஷினோ ஹிதேஹிகோ. 1985இல் அமைந்த இந்த ஐந்து பேர்தான் 2023 அக்டோபர் வரை. ஒருவர்கூட விலகவில்லை, ஒருவரைக்கூட மாற்றவில்லை. அதே குன்மாவிலிருந்து வந்த போவி (BOØWY) என்ற குழு புகழின் உச்சியில், 1988இல் கலைந்தது. எக்ஸ் ஜப்பான் 1997இல் கலைந்து பத்து வருடம் கழித்து ஒட்டிக்கொண்டது. லூனா ஸீயும் 2000இல் நிறுத்திவிட்டு 2010இல் திரும்பியது. ராக் குழு என்றால் ஈகோ மோதலும் பிரிவும் இருந்தே தீரும் என்று நினைப்பவர்கள் இவர்களைப் பார்க்க வேண்டும்.

ஆள் மாறவில்லையே தவிர இசை மாறிக்கொண்டே இருந்தது. எனக்கு இவர்கள் மேல் இருக்கும் பைத்தியத்துக்குக் காரணமே அதுதான். 1987இல் தலைமுடியை வானத்துக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு துள்ளல் பாட்டு பாடியவர்கள், 1989இல் லண்டனில் பதிவு செய்த 'டபூ'வில் இருட்டுக்குள் இறங்கினார்கள், 1997இன் 'செக்ஸி ஸ்ட்ரீம் லைனர்'இல் முழுக்க எலக்ட்ரானிக் பக்கம் போனார்கள், 2005இல் கோத்திக் (இருளும் மர்மமும் கலந்த) நாடகம் மாதிரி ஒரு முழு ஆல்பம் போட்டார்கள். ஹிட் ஆன ஒரு ஃபார்முலாவைப் பிடித்துக்கொண்டு காலம் தள்ளியிருக்கலாம், ஜப்பானில் அதற்கு நல்ல காசும் உண்டு. செய்யவில்லை.

1991இல் வந்த 'குருட்டா தையோ' ஆல்பத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருடம் சகுராயின் அம்மா இறந்தார். அதுவரை அவர் எழுதிய வரிகளில் பாதி ஒப்பனை. இரவு, ரத்தம், முத்தம் என்று கேட்கப் பகட்டாக இருக்கும், உள்ளே ஆளைக் காணோம். இந்த ஆல்பத்தில் ஆள் வந்துவிட்டார். 'ஜூபிடர்' கேட்டுப் பாருங்கள். அக்கூஸ்டிக் கிட்டாரில் தொடங்கும் மெதுவான பாட்டு. அழுது புலம்ப எல்லா இடமும் கொடுக்கிற மெட்டு, ஆனால் அவர் குரலை உயர்த்தாமலே பாடுகிறார், ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் இறக்கி வைத்துவிட்டுத்தான் அடுத்ததை எடுக்கிறார். ஜப்பானிய மொழி எனக்கு அரைகுறை, அதனால் எதுவும் குறைந்துவிடவில்லை. இன்னொன்று, இந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் எப்போதும் ஓரமாக நின்று சத்தமில்லாமல் வாசிக்கும் ஹோஷினோ. 'டிரினிட்டி பிளட்' அனிமேவின் தொடக்கப் பாடலாக உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்த 'டிரெஸ்'ஸும் அவர் போட்டதுதான் (நானும் அந்த வாசல் வழியாக உள்ளே வந்தவன்தான், அனிமே ரசிகர்களை யாரும் கேலி செய்ய வேண்டாம்).

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2023 அக்டோபர் 19, யோகோஹாமாவில் ரசிகர் மன்ற உறுப்பினர்களுக்கு மட்டுமான நிகழ்ச்சி. சில பாடல்கள்தான் ஆகியிருந்தன, சகுராய்க்கு உடல்நிலை மோசமாகி மேடையிலிருந்து கொண்டுபோனார்கள். அன்று இரவே மூளைத்தண்டில் ரத்தக்கசிவால் போய்விட்டார். 57 வயது. செய்தி வெளியே வந்தது 24ஆம் தேதி. அந்த வருட ஏப்ரலில்தான் 'இசோரா' ஆல்பம் வந்திருந்தது.

டிசம்பர் 29 இவர்களுக்கு முக்கியமான நாள். 1989 ஏப்ரலில் இமாய் எல்எஸ்டி போதைப்பொருள் வழக்கில் கைதாகி, குழு மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்து, இதோடு இவர்கள் கதை முடிந்தது என்று எல்லோரும் எழுதிய பிறகு, அதே வருடம் டிசம்பர் 29 அன்று டோக்கியோ டோமில் மறுபடி மேடையேறினார்கள். பின்னாளில் அந்தத் தேதியில் டோக்கியோவின் நிப்பான் புடோகான் அரங்கில் வாசிப்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. 2023இலும் அதை ரத்து செய்யவில்லை. நான்கு பேர் மேடையில், சகுராயின் குரல் பதிவிலிருந்து. அங்கேயே தொடர்வோம் என்றும் சொல்லிவிட்டார்கள். இறந்தவர் குரலை ஓடவிட்டு வாசிப்பது எனக்குப் பொதுவாகப் பிடிக்காது, வருடக்கணக்கில் அதையே செய்திருந்தால் நானே விலகியிருப்பேன். அதையும் அவர்கள் செய்யவில்லை. வெளியிலிருந்து ஒரு பாடகரைக் கொண்டுவந்து வேஷம் கட்டவும் இல்லை. 2024 டிசம்பரில் வந்த 'சப்ரோசா' ஆல்பத்தில் இமாயும் ஹோஷினோவும் தாங்களே பாடுகிறார்கள்.

இமாய்க்குப் பாடத் தெரியாது என்கிறார்கள். சகுராய் மாதிரி பாட வராது, சரிதான். ஆனால் 'சிட் விஷஸ் ஆன் தி பீச்' பாடியது யார்? சகுராய் இருந்த காலத்திலேயே, 2003 ஆல்பத்தில், இதே இமாய்தான். மூக்கால் பேசுகிற மாதிரி, கொஞ்சம் நக்கலாக, தனக்கென்று ஒரு குரல் உண்டு அவருக்கு. பெரும்பாலான பாட்டுகளுக்கு மெட்டுப் போட்டவர், கன்னத்தில் 'பி-டி' என்று எழுதிக்கொண்டு, கொம்பு சுருண்ட விசித்திரமான கிட்டாரை மாட்டிக்கொண்டு, நடுவில் தெரமின் என்ற, தொடாமலே வாசிக்கும் மின்னணு வாத்தியத்தின் முன்னால் கையை ஆட்டிச் சத்தம் எழுப்பும் மனிதர். இந்தக் குழுவின் விநோதம் எல்லாம் அவர் தலைக்குள்ளிருந்துதான் வந்தது. யாகமி அறுபதைத் தாண்டியும் முடியை நட்டுக்குத்தலாக நிறுத்திக்கொண்டு அடிக்கிறார். அவர்களிடம் போய் உங்கள் வேலை முடிந்தது, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்ல நாம் யார்? சகுராய்க்கு மரியாதை என்ற பெயரில் மற்ற நான்கு பேரை அவருடைய பக்கவாத்தியக்காரர்களாக ஆக்கிவிடுகிறோம், அவர் உயிரோடிருந்தபோது ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.

'சப்ரோசா' குறையில்லாத ஆல்பம் என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் மெட்டு மேலே ஏறும்போது, இங்கே அந்தக் கனமான குரல் இருந்திருந்தால் என்று மனசு தேடத்தான் செய்கிறது. அப்படியும் அதில் பழைய பாட்டின் நகல் என்று ஒன்றைக்கூட என்னால் காட்ட முடியவில்லை. நாற்பது வருடக் குழுவிடம் வேறு என்ன கேட்பது?

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் 1987இல் தொடங்கி வரிசையாகப் போகாதீர்கள், பாதியில் ஓடிவிடுவீர்கள். 'குருட்டா தையோ'வில் தொடங்குங்கள், அப்புறம் 2005இன் 'ஜூசங்காய் வா கெக்கோ', அப்புறம் 'இசோரா'. 'சப்ரோசா' கடைசியில். ஹெட்ஃபோன் கட்டாயம், ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு என்னிடம் சண்டைக்கு வரக்கூடாது.